நல்லூர் கொடியேறினால் மீன் மலிவு

எனக்குக் கிடைத்தது என்ன வேலை என்று வீட்டில் சொல்லி விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே விலங்கியல் துறையில், முதலாம் வருட மாணவர்களின் செய்முறை வகுப்புக்கு என்னை உதவியாளராக எடுத்திருந்தார்கள். பதவியின் பெயர் டெமொன்ஸ்ரேற்றர். என் ஐயா, அதாவது என் அப்பா, வடமராட்சிக் கரையில் அடுத்தவர் வள்ளத்தில் பங்குக்குத் தொழில் செய்தவர். அந்தச் சொல்லை வாயில் போட்டு ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டார்.

"நீ படிப்பிக்கிறதோ, படிக்கிறதோ?"

"படிப்பிக்கிறது பேராசிரியர், ஐயா. நான் பக்கத்திலை நிண்டு பிள்ளையளுக்குச் செய்து காட்டுறது."

"அப்ப சம்மாட்டி அவர். வலை இழுக்கிறது நீ."

வள்ளமும் வலையும் சொந்தமாக உள்ள முதலாளியைத்தான் எங்கள் பக்கத்தில் சம்மாட்டி என்பார்கள். பின்னாளில் அந்த வேலையைப் பற்றி எத்தனையோ பேர் எனக்கு விளக்கம் சொன்னார்கள், ஐயா சொன்ன அளவுக்கு ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் தேவைப்படவில்லை. "என்ரை பிள்ளை கம்பசிலை படிப்பிக்கிறாள்" என்று ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சொல்லி முடித்துவிட்டா.

ஆனால் வேலை தற்காலிகமானது. ஒரு வருடம்தான். முதல்நாளே துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு அதைத் தெளிவாகச் சொன்னார். நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர் அவர். சைவக் குடும்பத்தில் பிறந்தவர்தான் என்றாலும் அவர் கோயில் வாசல் மிதித்ததை யாரும் கண்டதில்லை. கோபிக்கிற மனிதர் அல்ல. கோபிக்காமலே ஆளை உலுக்கத் தெரிந்தவர்.

"உமக்குப் பாடம் தெரியும். அதிலை எனக்குச் சந்தேகமில்லை," என்றார். "பிள்ளையள் உம்மடை சொல்லைக் கேக்குதுகளோ எண்டுதான் பாக்கவேணும். கேட்டால் அடுத்த வருசமும் இரும். கேளாட்டில் நல்ல பள்ளிக்கூடம் ஒண்டிலை வேலை எடுத்துத் தாறன்."

பள்ளிக்கூட வேலை ஒன்றும் கேவலம் அல்ல. ஆனால் எங்கள் கரையிலிருந்து அந்த ஆய்வுகூடத்துக்குள் போன முதல் ஆள் நான். ஒரு வருடத்தில் திரும்பி வந்தால் ஊர் அதற்கு என்ன காரணம் சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஆகையால் அந்த வருடம் முழுவதும் என் மனதில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: இந்தப் பிள்ளைகள் என்னைத் தங்கள் ஆசிரியராக ஏற்பார்களா, மாட்டார்களா?

முதல் வகுப்பிலேயே பதில் பாதி தெரிந்துவிட்டது. பையன்கள் மீசையோடு நின்றார்கள். என்னைவிட ஓரிரு வயதுதான் குறைவு. சேலை கட்டிக்கொண்டு போயிருந்ததால் மாணவி இல்லை என்று நம்பினார்கள். மெழுகு வார்த்த தட்டில் கரப்பான் பூச்சியை எப்படிக் குத்தி நிறுத்துவது என்று காட்டிக்கொண்டிருந்தேன். வகுப்புத் தலைவன், கோண்டாவில் பக்கத்துப் பையன், மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"மிஸ் எந்த ஊர்?"

சொன்னேன். "ஓ," என்றான். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஊரின் பெயரைச் சொன்னால் போதும். என்ன சாதி, என்ன தொழில், வீட்டுக்குள் எந்த இடம்வரை விடலாம் என்பதெல்லாம் கேட்பவர் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்வார். சில வீடுகளில் எங்களுக்குத் தனித் தகரப் பேணியில்தான் தேத்தண்ணீர் வரும். அவர்கள் கிணற்றில் நாங்கள் அள்ளுவதில்லை. தாகம் என்றால் வீட்டுக்காரர் அள்ளி வார்ப்பார், நாங்கள் கையை ஏந்திக் குடிப்போம். எழுபதுகள் பிறந்துவிட்டன, சமத்துவம் வந்துவிட்டது என்று மேடைகளில் பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

வகுப்பில் யாரும் என்னை அவமதிக்கவில்லை. அவமதித்திருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இது வேறு விதமாக நடந்தது. சந்தேகம் வந்தால் நான் நிற்கிற மேசையைத் தாண்டிப் போய், மற்ற உதவியாளரிடம் கேட்டார்கள். அவர் உடுவில்காரர். மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்துப் படிப்பித்த கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறுகளில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். தவளை வெட்டும்போதும் வாய்க்குள் ஞானப்பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நல்ல மனிதர், ஆனால் அவருடைய படிப்பு தாவரவியல். மீனின் பூவைப் பற்றி, அதாவது செவுளைப் பற்றி, அவரிடம் போய்க் கேட்டார்கள். அவர் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போய் அவர்களுக்குச் சொன்னார்.

"உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"வருது. ஆனா உங்களிலை இல்லை."

அவர் சிரித்துக்கொண்டே தலை குனிந்தார். அதற்குப் பிறகு யாராவது போய்க் கேட்டால், "எனக்குத் தெரியாது, மிஸ்ஸைக் கேளும்" என்று திருப்பி அனுப்பத் தொடங்கினார். அவர் அனுப்பியவர்களில் பாதிப்பேர் என்னிடம் வராமலே தங்கள் இடத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். அரியாலையில் கோயிலோடு ஒட்டிய வீடு. பரம்பரையாக மச்சம் தொடாத குடும்பம், முட்டைகூட வாசல் படலைக்குள் வராது. விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டு வந்துவிட்டாள், விஞ்ஞானத்துக்குள் இவ்வளவு குடல் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மண்புழுவின் நாளில் வெளியே போய்ச் சத்தி, அதாவது வாந்தி, எடுத்தாள். தவளையின் நாளில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நிற்கும் தோழி வெட்டிக் கொடுப்பாள், இவள் படம் கீறுவாள். என்ன படம்! நரம்பு நரம்பாக, மயிரிழை பிசகாமல் இருக்கும். துறைத்தலைவர் அதைப் பார்த்தால், "பாத்துக் கீறுறது சித்திரம். விஞ்ஞானம் எண்டால் கையிலை கத்தி வேணும்" என்பார். தன் கையால் வெட்டாத பிள்ளையைச் சோதனைக்கு விடுவதில்லை என்பது அவர் வைத்த சட்டம். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். சத்தி வருகிறது என்று வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வருவாள்.

இப்படியே போய்ச் சுறாவில் வந்து நின்றோம். முதலாம் வருடத்தில் சுறா வெட்டாமல் விலங்கியல் இல்லை. அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் எது வருவதும் குதிரைக்கொம்பு. கெடாமல் இருக்கப் போமலின் மருந்தில் போட்ட சுறாக்கள் வரும் வரும் என்று காத்திருந்ததில் தவணை முடியப் போனது. எங்களிடம் இருந்த போமலினும் அடிப்போத்தலுக்கு வந்துவிட்டது. துறைத்தலைவர் கையை விரித்தார். "பச்சைச் சுறா எங்கையும் எடுக்கலாமோ?" என்று உடுவில்காரரைப் பார்த்துக் கேட்டார். அவருக்குச் சுறா சட்டியில் வந்தால்தான் தெரியும்.

"நான் கொண்டுவாறன் சேர்," என்றேன். வந்த நாள்முதல் அந்தத் துறையில் இவ்வளவு சந்தோசமாக நான் ஒரு வசனம் பேசியதில்லை.

வீட்டுக்குப் போய் ஐயாவிடம் சொன்னேன். எப்போது வேண்டும் என்று கேட்டார். ஆவணி மாதம் என்றேன்.

"ஆவணியோ? அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை. நல்லூர் கொடியேறியிருக்கும். யாழ்ப்பாண ரவுணிலை ஆர் மீன் வாங்கிறது? மலிஞ்சு போய்க் கிடக்கும். வேண்டின அளவு எடுத்துக்கொண்டு போ."

இதைக் கேட்டவுடன் நான் நாளைக் குறித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நாங்களும் சைவர்கள்தான். நல்லூர்க் கந்தனைக் கும்பிடுகிறவர்கள்தான். வெள்ளிக்கிழமை எங்கள் அடுப்பிலும் மீன் ஏறாது. ஆனால் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். அத்தனை நாளும் கடலுக்குப் போகாமல் இருந்தால் எங்கள் அடுப்பில் சோறும் ஏறாது. ஆகையால் சிறுவயதிலிருந்து என் தலைக்குள் அந்தத் திருவிழா ஒரு வசனமாகத்தான் இருந்தது: நல்லூர் கொடியேறினால் மீன் மலிவு. மலிவு என்றால் வாங்கவேண்டியதுதானே! மீன் ஏன் மலிகிறது, வாங்காமல் விடுகிறவர்கள் யார், அவர்களுடைய பிள்ளைகள்தான் என் வகுப்பில் நிற்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. துறைத்தலைவர் கோயில்பக்கம் போகாதவர், சரி என்றார். உடுவில்காரர் கிறிஸ்தவர், மிக நல்லது என்றார். மூன்று படித்தவர்கள் கூடி எடுத்த முடிவு.

அந்த நாள் வந்தது. கருக்கலில் ஐயா கரையிலிருந்து சுறாக்களைக் கொண்டுவந்து, தென்னோலை விரித்த கடகப் பெட்டிகளில் அடுக்கித் தந்தார். எல்லாம் முழங்கை நீளக் குட்டிச் சுறாக்கள். மேலே ஒரு பெரிய சுறா, வயிறு பருத்துக் கிடந்தது.

"உது என்னத்துக்கு ஐயா?"

"பிள்ளையளுக்கு வடிவாத் தெரியட்டும். நான் தந்தனான் எண்டு சொல்லு."

முதல் பஸ்ஸில் ஏறினேன். நடத்துநர் எங்கள் ஊர் ஆள், கடகங்களைப் பின்னால் வைக்க விட்டார். அச்சுவேலிச் சந்தி வரைக்கும் எல்லாம் சுகமாகத்தான் போனது. அங்கே ஏறினார்கள் பாருங்கள், நெற்றி நிறைய நீறு, கையில் பால்செம்பு, தோளில் காவடி, தலை ஈரம் காயாத பெண்கள், வேட்டியோடு சின்னப் பையன்கள். பஸ் முழுக்கச் சந்தனமும் கற்பூரமும் மணந்தன. அதற்குள் என் சுறாவும் மணந்தது. ஒரு கிழவர் மூக்கைச் சுளித்து நாலு பக்கமும் பார்த்தார். "ஆரடா உது, கந்தசுவாமிக்குச் சுறாக் கொண்டுபோறது?" என்றார். பஸ் சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

இறங்கித் திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். போனால் வகுப்பு இல்லை. நான் கொண்டுவருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன பொருளும் இல்லை. போமலினும் இல்லாமல் சுறாவை வைத்திருக்கவும் முடியாது, பின்னேரத்துக்குள் நாறிவிடும். வருவது வரட்டும் என்று போய்ச் சேர்ந்தேன்.

ஆய்வுகூடத்தில் தட்டுத் தட்டாகச் சுறாக்களை வைத்தேன். உடுவில்காரர் உதவி செய்தார். "இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியுமோ?" என்று அவரைக் கேட்டேன். "செவ்வாய்," என்றார் பாவம். மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். ஒவ்வொரு நெற்றியிலும் நீறு. வந்தவர்கள் தட்டுகளைப் பார்த்தார்கள், பிறகு சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். ஒருவரும் மேசைக்குக் கிட்ட வரவில்லை. நல்லூர்ப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது.

வகுப்புத் தலைவன் முன்னுக்கு வந்தான். "மிஸ், குறை நினைக்காதையுங்கோ. திருவிழா முடியட்டும். பேந்து என்ன தந்தாலும் வெட்டுறம். இப்ப வீடுகளிலை மச்சச் சட்டியைக்கூடக் கழுவிப் பரணிலை போட்டாச்சு. நாங்கள் விரதம்."

"சுறாவைச் சாப்பிடச் சொல்லேல்லையே. தொட்டுப்போட்டுக் கையைக் கழுவுங்கோ."

"தொடேலாது மிஸ்."

"அப்ப உந்தச் சுறாவை என்ன செய்யிறது? தேர் முடியுமட்டும் பொறு எண்டு அதுக்குச் சொல்லட்டோ?"

சிலர் சிரித்தார்கள். பின்னாலிருந்து, யார் என்று தெரியாத ஒரு குரல், மெல்லமாக ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னது: "மிஸ் வெட்டட்டுமன். அவையளுக்கு உது பழகின வேலைதானே."

என் காது இரண்டும் எரிந்தன. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வெளியே வரும், அது கடவுள் எனக்குச் செய்த உதவி.

"ஓம், பழகின வேலைதான்," என்றேன். "உந்தச் சுறா என்ரை ஐயா விடிய வலையிலை எடுத்தது. நான் பிறந்ததே மீன் மணத்துக்குள்ளைதான். மணம் பிடிக்காத ஆக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாருங்கோ. ஆனா பாருங்கோ."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கத்தியை எடுத்தேன். கோபத்தில் கைக்கு அகப்பட்டது ஐயா தந்த பெரிய சுறா. மல்லாத்திப் போட்டு, நடுவயிற்றில் ஒரே கோடாகக் கீறினேன். குடலில் கத்தி படாமல், ஈரலில் படாமல். கீறிக்கொண்டே சொன்னேன். இது ஈரல், மீனெண்ணெய் இதிலிருந்துதான் வருகிறது. இது இரைப்பை. இது குடல், உள்ளே சுருள்படிக்கட்டுபோல ஒரு மடிப்பு இருக்கிறது, மனிசருக்கு இல்லாதது. கோபத்தில் என் தமிழும் ஆங்கிலமும் தடுக்காமல் வந்தன. வழக்கமாக இந்தச் சொற்களைச் சொல்லும்போது நாக்குப் புரளும், அன்றைக்கு நான் மேடைப் பேச்சாளிபோலப் பேசினேன்.

பிறகு கருப்பை. விரலால் மெல்லத் திறந்தேன். உள்ளே குட்டிகள் கிடந்தன. முழுச்சுறா வடிவம், செட்டையும் கண்ணுமாக, ஒவ்வொன்றும் விரல் பருமனில். ஒன்றைத் தூக்கினேன். அதன் நெஞ்சுப் பக்கத்திலிருந்து ஒரு நீளக் கொடி தாயின் உடம்புக்குள் போனது.

"சுறா முட்டை போடாதோ மிஸ்?" என்று கேட்ட குரல் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சுவரோரத்தில் யாரும் இல்லை. எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். வகுப்புத் தலைவன் கால்விரலில் எழும்பி நின்று எட்டிப் பார்த்தான்.

"சிலது போடும். உந்தச் சாதிச் சுறா போடாது. எங்களைப்போலைதான், கொடியோடை பிள்ளை வளர்க்கிறது."

"எங்களைப்போலையோ?" என்றாள் அரியாலைப் பிள்ளை. கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தி எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் உள்ளே வந்தார். தட்டுகளைச் சுற்றிப் பார்த்தார். குட்டிச் சுறாக்கள் எல்லாம் வைத்தபடியே கிடந்தன. ஒரு கத்தியில்கூட ஈரம் இல்லை.

"ஏன் ஒருதரும் துவங்கேல்லை?"

உடுவில்காரர், "சேர், திருவிழாக் காலம்..." என்று இழுத்தார்.

"திருவிழாவுக்கும் சுறாவின்ரை முள்ளந்தண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அவர், கோபமே இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்பினார். "வகுப்பு உம்மடை சொல்லைக் கேக்குதோ எண்டு பாக்கவேணும் எண்டு சொன்னனான். பாத்தாச்சு. பின்னேரம் என்ரை அறைக்கு வாரும்."

முடிந்தது என்று நினைத்தேன். ஐயாவுக்கு என்ன சொல்வது என்றுதான் முதலில் யோசித்தேன். அம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்ததை எப்படித் திருப்பி எடுப்பது?

"சேர்," என்று ஒரு குரல் கேட்டது. அரியாலைப் பிள்ளை. அதற்குமுன் அவள் அந்த மனிதரோடு ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. "மிஸ் இப்பதான் காட்டி முடிச்சவா. நாங்கள் இனித்தான் துவங்கிறம்."

தன் தட்டுக்குப் போனாள். கத்தியை எடுத்தாள். தட்டிலே கத்தி பட்டு ஓசை கேட்டது. இடது கையால் சுறாவைப் பிடித்தாள். வெறும் கையால், திருவிழா நாளில், நெற்றியில் காலைப் பூசையின் நீற்றோடு. நான் காட்டியபடியே நடுவயிற்றில் வைத்துக் கீறினாள். கோடு கோணலாகத்தான் போனது. உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசிவரை கீறினாள்.

அவளுடைய தோழி அடுத்த கத்தியை எடுத்தாள். வகுப்புத் தலைவன் ஒரு நிமிடம் நின்று பார்த்தான். பிறகு, "முருகா, நீதான் பொறுக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டு சட்டைக் கையை மடித்தான். அதற்குப்பிறகு ஒருவரும் சும்மா நிற்கவில்லை. "மிஸ், உது ஈரலோ?", "மிஸ், இஞ்சை வந்து பாருங்கோ", "மிஸ், நான் பித்தப்பையை வெட்டிப்போட்டன்" என்று நாலாபக்கமும் கூப்பிட்டார்கள். உடுவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று ஞானப்பாட்டை முணுமுணுத்தார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. துறைத்தலைவர் எல்லா மேசைகளையும் ஒருமுறை சுற்றினார். வாசலில் நின்று, "பின்னேரம் வரத் தேவையில்லை," என்றார். அடுத்த வருடமும் நான் அங்கே இருந்தேன், அதற்குப் பிறகும் இருந்தேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். தட்டுகளைக் கழுவ ஒதுக்கிவிட்டுத் திரும்பினால், அரியாலைப் பிள்ளை இன்னும் குழாயடியில் நின்றாள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவாள், மணந்து பார்ப்பாள், திரும்பவும் கழுவுவாள். கண் கலங்கியிருந்தது.

"ஏன் பிள்ளை செய்தனீர்? உம்மை ஒருதரும் கேக்கேல்லையே."

"அந்தக் குட்டியளைப் பாத்த உடனை எனக்கு எல்லாம் மறந்துபோச்சு மிஸ். நீங்கள் போனால் ஆர் எங்களுக்கு உப்பிடிக் காட்டுறது?"

பிறகு அழுகைக்குக் காரணத்தைச் சொன்னாள். கொடியேறிய நாள்முதல் ஒவ்வொரு பின்னேரமும் நல்லூருக்குப் போவதாக நேர்ந்திருக்கிறாளாம். ஒருநாள்கூடத் தவறவில்லையாம். இன்றைக்குத் தலைமுழுகாமல் போக முடியாது. வீட்டுக்குப் போய் முழுகலாம் என்றால், படலையடியிலேயே அம்மா மணத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவா. பிறகு படிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆய்வுகூடத்துக்குப் பின்னால், பழைய கட்டடத்தின் கிணறு ஒன்று இருந்தது. மரங்கள் மறைத்த இடம், அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் கிடையாது. "வாரும்," என்று கூட்டிக்கொண்டு போனேன். கப்பியில் வாளியை விட்டு அள்ளினேன். அள்ளிய வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. இப்படியான ஒரு பிள்ளைக்கு முன்னால், கிணற்றடியில், கால் தானாகவே பின்னுக்குப் போகிறது. சின்ன வயதில் பழகிய கால். அவள் கோயிலுக்குப் போக முழுகுகிறாள். அந்தத் தண்ணீரை நான் அள்ளியதே கூடுமோ கூடாதோ என்று எனக்குள் ஓடியது.

அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டு, சேலையோடு குந்தி இருந்தாள். வாளியைத் தொடவில்லை.

"ஊத்துங்கோ மிஸ்."

"நானோ?"

நான் ஏன் கேட்கிறேன் என்று முதலில் அவளுக்கு விளங்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு விளங்கியது. முகம் சிவந்துபோய்த் தலையை இன்னும் கீழே தாழ்த்தினாள்.

"நேரம் போகுது மிஸ். ஊத்துங்கோ."

ஊற்றினேன். வாளி வாளியாக அள்ளி அவள் தலையில் ஊற்றினேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை வழித்து வழித்துக் குளித்தாள். நீறு கரைந்து போனது, மீன் மணமும் போனது. நனைந்த சேலையோடு தெருவில் இறங்க முடியாது. மீன்கடகத்தோடு பஸ் ஏறுகிறவள் மாற்றுச்சேலை இல்லாமல் வருவாளா? என் பையில் ஒன்று இருந்தது, அம்மா சட்டையோடு மடித்து வைத்த நீலக்கரைச் சேலை. நீட்டினேன். அவள் வாங்கி மரத்துக்குப் பின்னால் போய் உடுத்துக்கொண்டு வந்தாள். என் சட்டை அவளுக்குத் தோளில் தொளதொளவென்று நின்றது.

"போட்டுவாறன் மிஸ்," என்றாள்.

என் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் நல்லூருக்குப் போனாள். மதில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மீன் நாறுகிற சேலையோடு அந்தக் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து அழுதேன். வேலை தப்பியதற்காக அல்ல, அது அப்போது நினைவிலேயே இல்லை. நல்லவேளை, கிணற்றடி. முகம் கழுவ வேறெங்கும் போகத் தேவைப்படவில்லை.